பாட்டிலுக்குள் எத்தனை கிராம்?

கோலி சோடாவுக்குக் கேஸை சிலிண்டரிலிருந்து அடைப்பார்கள். வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் வழி வேறு. நொதித்து முடிந்த பீரில் கொஞ்சம் சர்க்கரை கலந்து பாட்டிலை இறுக மூடிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை விடும். வெளியே போக வழியில்லாத வாயு பீரிலேயே கரைந்துவிடும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு இது சாதாரணப் பொழுதுபோக்கு. நம்மூரில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம். அதனால் அதே வித்தையை நான் இஞ்சி சோடாவில் செய்து பார்த்தேன்.

யோசித்ததெல்லாம் எந்தச் சர்க்கரை என்றுதான். வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா, கருப்பட்டியா? வாசனைக்காகக் கருப்பட்டியை லிட்டருக்கு 50 கிராம் தட்டிப் போட்டு, ஈஸ்ட் சேர்த்து, காயலான் கடைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தேன். ஆந்திர எல்லையை ஒட்டிய எங்கள் ஆரம்பாக்கத்தில் அப்போது மே மாத வெயில். மூன்றாம் நாள் ராத்திரி டமார்! சமையலறை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. தம்பி தண்ணீர் குடிக்க எழுந்து வரும் நேரம் அது. நல்லவேளை, அன்று எழவில்லை. அம்மா திட்டவில்லை. துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். சர்க்கரை நொதித்தால் எடையில் சுமார் பாதி வாயுவாகிறது. சாதாரண பீருக்கு லிட்டருக்கு 5 கிராம் வாயு போதும். அதில் ஒன்றரை கிராம் ஏற்கெனவே பீரில் தங்கியிருக்கும். மீதிக்கு 7 கிராம் சர்க்கரை போதும். நான் போட்டது கிட்டத்தட்ட ஏழு மடங்கு!

வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். கணக்கு பிசகாது. குளுக்கோஸ் பவுடர் என்றால் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். கருப்பட்டியில் ஈரமும் மற்றதும் கட்டிக்குக் கட்டி மாறும். அந்த 7 கிராமில் அதன் வாசனையும் பெரிதாகத் தெரியாது.

இப்போது தராசில் நிறுத்து வெள்ளைச் சர்க்கரைதான், அதுவும் 7 கிராம்தான். அத்தனையும் நொதித்தாலும் ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தாண்டாது. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் சோடா பாட்டில். விரலால் அழுத்திப் பார்த்து, கல் மாதிரி இறுகிவிட்டால் உடனே ஃபிரிட்ஜுக்குப் போய்விடும்.

கருப்பட்டியை விட்டுவிட்டேனா? இல்லை, டம்ளரில் கலந்துகொள்கிறேன். அங்கே எவ்வளவு போட்டாலும் வெடிக்காது :-)