சிக்கிம்: மன்னர் ஆண்ட மலைநாடு இயற்கை வேளாண் மாநிலமான கதை

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு வந்தது. சிக்கிமுக்கோ இப்போதுதான் மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள். நியூ ஜல்பைகுரி வரை ரயிலில் போய், டீஸ்டா ஆற்றோரம் ஜீப்பில் ஏறினால் கேங்டாக் வரும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தச் சாலையும் அடைபடும்.

1642 முதல் நம்கியால் வம்சத்து மன்னர்கள் ஆண்ட நாடு இது. நிலமெல்லாம் காஜிகள் என்ற நிலக்கிழார்கள் கையில். குடியானவர்கள் வரியும் கட்டி, கூலியில்லா வேலையும் செய்தார்கள். 1950 ஒப்பந்தப்படி இந்தியாவின் பாதுகாப்பில் வந்தது. மக்கள் கிளர்ச்சிக்குப் பின், 1975 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இணைப்பை ஆதரித்தனர். அந்த ஆண்டு மே 16-ல் 22-வது மாநிலமானது. சாலையும் பள்ளியும் மின்சாரமும் கிராமங்களுக்குப் பரவின.

அங்கே நம் விவசாயிகள் பார்க்க வேண்டியது ஏலத்தோட்டம். மலைச்சரிவில் உத்திஸ் மரத்தின் நிழலில் பெரிய ஏலக்காய் வளர்கிறது. நம் ஊர் அகத்தியைப் போல அந்த மரமும் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிறது. உதிரும் இலை மட்கி உரமாகிறது.

2003-ல் இயற்கை வேளாண்மைக்கு மாறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்து, ரசாயன உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சுமார் 75,000 ஹெக்டேர் சான்று பெற்றபின், 2016 ஜனவரியில் நாட்டின் முதல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

சிரமமும் உண்டு. ஏலத்தை நச்சுயிரி நோய்கள் தாக்குகின்றன. உள்ளூர் விளைச்சல் போதாமல் சிலிகுரியிலிருந்து காய்கறி வருகிறது. 2018-ல் வெளியிலிருந்து வரும் சில காய்கறிகளுக்குத் தடை போட்டபோது விலை ஏறியது. சான்றிதழ் இருந்தாலும் சந்தை அமையாவிட்டால் விவசாயி கைக்கு நல்ல விலை வராது.

தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் மண்ணும் கிணற்று நீரும் கெட்டதைப் பார்த்தவர்கள் நாம். மாற நினைப்பவர்கள் முதலில் மண்ணையும் நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முழு நிலத்தையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒரு பகுதியில் தொடங்குங்கள். ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு மாறுதல் காலம் உண்டு. அதுவரை கூடுதல் விலையை எதிர்பார்க்க முடியாது. சான்றிதழுக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையை அணுகலாம். நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, வாங்குபவரைப் பேசி வைத்துக்கொண்டு இறங்குவதே நல்லது.