அப்பாவின் கணக்குப் பெட்டியிலிருந்து நான்கு பேனா

வீட்டிலிருந்தே ரெசின் கைவேலை செய்து விற்கும் பெண்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். கல்யாண மாலையைக் கண்ணாடி போல உறைய வைப்பது, வாசலுக்குப் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து... நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். வட்டம், இதயம், இலை என்று எந்த வடிவத்துக்கும் சிலிக்கான் அச்சு கடையில் கிடைக்கும். பேனாக் கட்டைக்கான அச்சை மட்டும் நானே செய்தேன்.

பேனாக் கட்டை என்றால், பேனாவாகக் கடைவதற்கு முன்னால் இருக்கும் நீளமான சதுரத் துண்டு. அதை லேத்தில் மாட்டி, நடுவில் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, வெளிப்பக்கத்தைக் கடைந்தால் பேனா. கடைவது என் தம்பி வேலை. அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறான்.

கட்டைக்கான மரம் அப்பாவுடையது. கும்பகோணம் பக்கம் ஒரு அரிசி மண்டியில் அப்பா கணக்கு எழுதினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத, மேல்மூடி சாய்வாக இருக்கும் பூவரச மரப் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. ஊர் வீட்டை விற்றபோது எல்லாவற்றையும் பிரித்தாகிவிட்டது. பிரிக்க முடியாமல் நின்றது அந்தப் பெட்டிதான். பெரியண்ணன் கேட்டார், சின்னண்ணனும் கேட்டார். பேச்சு வளர்ந்து, இருவருக்கும் பேச்சே நின்று போனது. நடுவில் பெட்டி என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தது. ஆறு வருஷத்தில் கரையான் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

"போகிக்குப் போட்டுடு" என்றார் பெரியண்ணன். தம்பிதான் பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓட்டை விழுந்த மரம்தான் ரெசினுக்கு நல்லா இருக்கும். ஓட்டைக்குள்ள ரெசின் போய் உட்கார்ந்துக்கும்" என்றான். தேறியது நான்கு சட்டம். நாங்களும் நான்கு பேர். மரம் அவ்வளவுதான், கட்டை ஒன்று கெட்டால் இன்னொன்று ஊற்ற முடியாது.

எபாக்ஸி ரெசின் மரத்தில் ஒட்டும், கண்ணாடியில் ஒட்டும், அக்ரிலிக்கில் ஒட்டும், கையுறை போடாவிட்டால் கையிலும் ஒட்டும். ஒட்டாத சில பொருட்களில் ஒன்று பாலிஎத்திலீன். காய் நறுக்கும் வெள்ளைப் பலகையின் பின்புறம் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அதுதான். 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன், அதுவும் ஆகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகை இரண்டு வாங்கி, ஹாக்ஸா பிளேடால் தம்பி அறுத்துக் கொடுத்தான். ரெசினே ஒட்டாத பலகையில் வேறு பசை எங்கே ஒட்டும்? அதனால் எல்லாமே திருகாணி. இதில் ஒரு வசதியும் உண்டு. உறைந்த கட்டையைத் தட்டி, நெம்பி எடுக்க வேண்டாம். திருகாணிகளைக் கழற்றினால் சுவர்கள் தானே விலகிவிடும்.

நான்கு தனித்தனிக் கால்வாய்கள். ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர் நீளம், 2.2 அகலம், 2.5 ஆழம். ஒரே தொட்டியாகச் செய்து பிறகு அறுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் ரெசின் இறுகும்போது தானே சூடாகும். ஒரே இடத்தில் நிறைய இருந்தால் சூடு ஏறி விரிசல் விடும். கால்வாய்க்கு 77 மில்லி கொள்ளும், மரம் அதில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். மூலைகளில் சிலிக்கான் சீலன்ட் தடவி, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி, கீழே செய்தித்தாள் விரித்து ஒரு ராத்திரி விட்டேன். காலையில் தாள் நனையவில்லை. தண்ணீர் கசியாத இடத்தில், அதைவிடக் கெட்டியான ரெசின் கசியாது.

இனி அந்த மைக்கறை. சட்டங்களில் ஒன்று பெட்டியின் மேல்மூடியில் இருந்து வந்தது. அதில் அப்பாவின் நீல மை சிந்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது. அது பேனாவில் தெரிய வேண்டும். தம்பி கடையப்போகும் பேனாவின் தடிமன் 12 மில்லிமீட்டர், நடுத்துளை 7. சுற்றிலும் மிஞ்சுவது இரண்டரை மில்லிமீட்டர் தோல்தான். கறை வெளியே தள்ளியிருந்தால் கடைசலில் சீவிப் போய்விடும், உள்ளே இருந்தால் துளையோடு போய்விடும். கட்டையின் மையத்திலிருந்து சரியாக 5 மில்லிமீட்டர் மேலே இருந்தால், ஒரு மில்லிமீட்டர் ரெசினுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். சட்டம் 15 மில்லிமீட்டர் தடிமன். பழைய ரெசின் துண்டுகளை அடியில் கொடுத்து, தரையிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தூக்கினேன். கடை அச்சில் இந்தக் கணக்கெல்லாம் நடக்காது.

மரம் ரெசினில் மிதக்கும் என்பது பலருக்குத் தெரியாது. எனவே அடியிலிருந்து திருகாணி போட்டுப் பிடிக்க வேண்டும். எங்கே போடுவது? இரு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் எப்படியும் வெட்டி எறியப் போகிறோம். அங்கே.

மரத்தை ஓடிஜியில் 100 டிகிரியில் வைத்து, சமையல் தராசில் எடை குறைவது நிற்கும்வரை காய வைத்தேன். ஈரம் இருந்தால் குமிழி கிளம்பும். குமிழியை அமுக்க அழுத்தப் பாத்திரம் என்று ஒன்று உண்டு. அதற்குப் பதிலாக வீட்டுக் குக்கரில் கம்ப்ரஸர் காற்றை ஏற்றும் யோசனை யாருக்காவது இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த அழுத்தத்துக்குக் குக்கர் செய்யப்படவில்லை, வெடிக்கும். நான் மெதுவாக இறுகும் ரெசின் வாங்கினேன். முதலில் பிரஷ்ஷால் கரையான் ஓட்டைகளுக்குள் தடவி, பிறகு ஒரு முனையிலிருந்து நூல் போல ஊற்றினேன். மூன்று கால்வாய்க்குக் கருநீலம் கலந்தேன். மைக்கறை உள்ளதற்கு நிறமே சேர்க்கவில்லை.

மூன்று நாள் கழித்துத் தம்பி வந்து திருகாணிகளைக் கழற்றினான். சுவர்கள் சத்தமில்லாமல் விலகின. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கரையான் போன பாதையெல்லாம் நீல ஓடையாக இருந்தது. நிறமில்லாத கட்டையில், கண்ணாடிக்கு அடியில் அப்பாவின் மை.

படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சின்னண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார். பெரியண்ணன் ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினார்: "மை இருக்கிறது அவனுக்குக் கொடு. அப்பாவுக்கு மைக்கூடு நிரப்பிக் கொடுத்தது அவன்தான்."

தம்பி கட்டைகளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனான். "மூணையும் முதல்ல கடையறேன் அக்கா. கை பழகட்டும். இது கடைசியில."