சோதனைக் குழாய்க்குச் சிறுநீரகம் இல்லை

ரத்தத்தில் கிருமி புகுந்த நோயாளிக்கு ஓர் ஆன்டிபயாடிக் போதுமா, இரண்டு வேண்டுமா என்று வரும்போது எங்கள் கை தானாகவே இரண்டின் பக்கம் போகும். ஆய்வகமும் அதற்குத் துணை நிற்கும். எம்.ஆர்.எஸ்.ஏ. (மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) கிருமியிடம் ஃப்ளூக்ளாக்சசிலின் தனியாகச் செல்லாது. வான்கோமைசினோடு சேர்த்துவிட்டால் சோதனைக் குழாயில் கிருமி வேகமாகச் சாகிறது. வான்கோமைசினுக்கு அடங்காமல் போகப் போக, ஃப்ளூக்ளாக்சசிலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கு அது இளகிக் கொடுப்பதும் உண்டு. தராசில் ஒரு தட்டு ஏற மறு தட்டு இறங்குவது மாதிரி. இவ்வளவு அழகான விளக்கம் இருக்கையில் மனிதரிடம் சோதிப்பானேன்? சோதனைக் குழாய்க்குச் சிறுநீரகம் இல்லையே.

2020இல் வெளியான கேமரா2 ஆய்வு இதைத்தான் காட்டியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், இஸ்ரேல் நாடுகளில் 27 மருத்துவமனைகள். ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தவர்களில் குலுக்கலில் தேர்ந்த ஒரு பகுதியினருக்கு, வான்கோமைசின் போன்ற வழக்கமான மருந்தோடு ஒரு பீட்டா-லாக்டமை ஏழு நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாளிலும் ரத்தத்தில் கிருமி இருந்தவர்கள் ஒற்றை மருந்தில் 20 சதவீதம், கூட்டு மருந்தில் 11. இங்கே கணக்கை மூடியிருந்தால் கூட்டு மருந்து வென்றதாக எழுதியிருப்போம். ஆனால் 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஒற்றை மருந்தில் 16 சதவீதம், கூட்டில் 21. இந்த வித்தியாசம் தற்செயலாக இருக்கலாம். சிறுநீரகப் பாதிப்பு 6இலிருந்து 23 சதவீதமாக ஏறியதை அப்படித் தள்ள முடியாது. இந்தத் தீங்கால், 440 பேரைச் சேர்க்க நினைத்த ஆய்வு 352 பேரோடு நின்றது. ரத்தக் கல்ச்சர் நெகடிவ் ஆவதை, அதாவது அதில் கிருமி வளராமல் போவதை, நோயாளி பிழைப்பதற்கு ஈடாக வைப்பது தவறு என்கிறேன்.

பாதியில் நின்ற ஆய்வை நம்பலாமா என்பார்கள். உயிர் காக்கும் சிறு பலன் இருந்து அது கண்ணில் படாமல் போயிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிறுத்தவைத்த தீங்கும் அதே ஆய்வின் முடிவுதானே. காசநோயில் கூட்டு மருந்து வெல்லவில்லையா என்பது இன்னொரு வாதம். அங்கே மருந்துகளைச் சேர்ப்பது, மாதக்கணக்கான சிகிச்சையில் எதிர்ப்பாற்றல் தலைதூக்காமல் தடுக்க. இங்கே நாம் தேடுவது ஒரு வார வேகம். வலுவான ஆட்சேபம் மூன்றாவது: பெரும்பாலோருக்குப் போனது ஃப்ளூக்ளாக்சசிலினும் க்ளாக்சசிலினும், இன்னொரு பீட்டா-லாக்டமான செஃபசோலின் என்றால் சிறுநீரகம் தப்பியிருக்காதா? தப்பியிருக்கலாம். ஆனால் அதைப் பெற்றவர்கள் சிலரே. அவர்களுக்கு எந்த பீட்டா-லாக்டம் என்பதைக் குலுக்கலும் தீர்மானிக்கவில்லை. அதற்குத் தனி ஆய்வுதான் வேண்டும். அதில் ஐந்தாம் நாள் கல்ச்சரை ஓரமாக வைத்துவிட்டு, பழுதின்றிப் பிழைத்தவர், டயாலிசிஸோடு பிழைத்தவர், இறந்தவர் என்று தரம் பிரித்து எண்ணச் சொல்வேன்.