கோணி ஊசியும் நீல லேசரும்

மல்லாட்டை மூட்டை தைத்துச் சேர்த்த காசில், விழுப்புரத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கித் தந்தார் அப்பா. திண்டிவனம் வீட்டில் தெருவே கூடிவிட்டது. மாமா கொடுத்த ப்ளூ-ரே படத்தட்டைப் போட்டேன். சர்ரென்று சுற்றியது, படம் வரவில்லை.

"படிக்கிற புள்ளதானே, ஏன் ஓடலைன்னு சொல்லேன்" என்றார் அப்பா. சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மறுநாள் எலக்ட்ரானிக்ஸ் சாரிடம் கேட்டேன். டி.வி.டி. டிரைவில் இருப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேக்கு வேண்டியதோ 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். அலைநீளம் குறைந்தால் ஒளிப்புள்ளி சிறுக்கும். தகவலை நெருக்கி எழுதலாம். டி.வி.டி.யின் ஒரு அடுக்கில் 4.7 ஜி.பி.; அதே அளவு ப்ளூ-ரே தட்டில் 25 ஜி.பி.! டிரைவை மாற்றினாலும் போதாதாம். படத்துக்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறக்க, உரிமம் பெற்ற மென்பொருளும் வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும், "கோணி ஊசியால ரவிக்கை தைக்க முடியுமாப்பா? நம்ம டிரைவ் கோணி ஊசி. இதுக்கு மெல்லிய ஊசி வேணும்" என்றேன்.

"அப்போ நம்மள யாரும் ஏமாத்தல?"

"இல்லப்பா."

அப்பா சிரித்தார். இரண்டு நாளாக அவர் மனதில் இருந்த பயம் அதுதான்!

அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நண்பர்களே, படிப்பு மார்க்குக்கு மட்டுமல்ல, வீட்டில் கேட்கும் கேள்விக்கும்தான் என்று அன்று புரிந்தது.