எந்த மாதம், எந்தக் கரை

கடற்கரைப் படத்தைக் கைபேசியில் நீட்டிக்கொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "பிள்ளையளுக்கு எப்ப லீவு?" என்பதைத்தான். படத்தில் இருப்பது இலங்கையின் பெந்தோட்டையாகவோ மிரிஸ்ஸவாகவோ இருக்கும். நீலக் கடல், சாய்ந்த தென்னை, அதில் ஓர் ஊஞ்சல். பதில் பெரும்பாலும் "யூலை, ஓகஸ்ட்" என்று வரும். அந்த மாதங்களில் அங்கே போனால் தென்னை இருக்கும், ஊஞ்சலும் இருக்கும். படத்தில் கண்ட கடல் இராது. சிவப்புக்கொடி நட்டிருப்பார்கள்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியோரக் கடைத்தொகுதி ஒன்றில் இருக்கிறது எங்கள் பயண முகவர் நிலையம். மரக்கறிப் பையோடு வந்து கதிரையில் இருந்து ஆறுதலாகக் கதைக்கிற வாடிக்கையாளர்கள். 2023 யூலையில் ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம்புரண்டு, அத்தோடு நின்றுபோன பிறகு, பஸ் மாறி வருகிற வயதானவர்கள் களைத்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் தேத்தண்ணீர். சுவரில் ரைக்கோ பதிவுச் சான்றிதழ் தொங்குகிறது. அந்தப் பதிவு இல்லாமல் ஒன்ராறியோவில் ஒருவர் பயணம் விற்கக் கூடாது. ஆனால் வெறும் ரிக்கெற் போடுவதற்கு இப்போது எங்களைத் தேடி வரத் தேவையில்லை. பிள்ளைகள் கைபேசியிலேயே போட்டுவிடுகிறார்கள். எங்களிடம் வருவது அடுத்த கேள்விக்கு. இறங்கிய பிறகு எந்தக் கரையில் எத்தனை நாள், எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கடல் குளிக்க ஏற்ற கரையைக் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. மே மாதமளவில் எழும் சோளகம் செப்ரெம்பர்வரை தென்மேற்கிலிருந்து வீசும். நீர்கொழும்பு தொடங்கி பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ வரைக்கும் உள்ள கரை அதை நேரே மார்பில் வாங்குகிறது. அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோய்க் கிழக்கே இறங்கும். மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லிச் சினக்கிற வெக்கைக் காற்று அது. நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் திருகோணமலையிலும் பாசிக்குடாவிலும் அலை எழும்பாது. மாரியில் எல்லாம் மாறும். வாடை வடகிழக்கிலிருந்து மழையோடு வந்து கிழக்குக் கரையைக் கலக்கும். தெற்கும் மேற்கும் மார்கழியிலிருந்து பங்குனிவரை தெளிந்திருக்கும்.

இதன் மேல் ஒன்ராறியோப் பள்ளிக்கூட நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. யூன் கடைசியிலிருந்து செப்ரெம்பர் தொழிலாளர் தினம்வரை லீவு என்றால் கிழக்கு. நத்தாரை ஒட்டிய இரண்டு கிழமை என்றால் தெற்கு. மார்ச்சில் கிடைக்கும் ஒரு கிழமைக்கு இலங்கையே வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். ரொறன்ரோவிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இல்லை. டோஹாவிலோ டுபாயிலோ லண்டனிலோ மாறி, போக வரவே மூன்று நாளைத் தின்றுவிடும்.

அந்த ஒரு கிழமைக்காரருக்குக் கரீபியன். அங்கும் இதே கேள்விதான்: கரை எந்தப் பக்கம் பார்க்கிறது? 2011 தொடக்கம் அத்திலாந்திக்கில் சர்காசம் என்கிற மிதக்கும் கடற்பாசி பெருந்தொகையாய் உருவாகி, பங்குனி சித்திரையிலிருந்து கரைகளில் ஒதுங்குகிறது. அழுகினால் கூழ்முட்டை நாற்றம். டொமினிக்கன் குடியரசில் புன்ரா கானா கிழக்கே பார்த்த கரை. வருவதை அப்படியே வாங்கும். தெற்கே பாயாஹிபே பக்கம் அவ்வளவாய் இல்லை. மெக்சிக்கோவின் பிளாயா டெல் கார்மெனில் பாசி குவிந்து கிடக்கும்போது, எதிரே உள்ள கொசுமெல் தீவின் மேற்குக் கரை பெரும்பாலும் தெளிவாயிருக்கும். எல்லாம் உள்ளடங்கிய பக்கேஜ் மலிவாய்க் கிடைத்ததென்று துள்ளி வருகிறவர்களுக்கு நான் முதலில் வரைபடத்தைத்தான் காட்டுவேன். (சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐந்து நட்சத்திர விடுதியின் நாற்பது வகைச் சாப்பாட்டுக்கு நடுவில் எங்கள் சனம் தேடுவது உறைப்பை. கட்டைச்சம்பல் போத்தலைக் கைப்பையில் வைக்காதேயுங்கோ, பெரிய பெட்டிக்குள் வையுங்கோ என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறேன்.)

இலங்கைக்குத் திரும்புகிறேன். கோடைகாலத்தில் கிழக்கு என்று முடிவானாலும், கிழக்கு என்பது ஒரே கரை அல்ல.

வடக்கே முல்லைத்தீவு. அழகான, நீளமான, ஆளில்லாத கடற்கரை. அதை நான் எந்தப் பட்டியலிலும் எழுதுவதில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்று என் மேசைக்கு முன்னால் இருக்கிறவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலவேளை அவரே அந்த மணலில் இருந்திருப்பார். அவர்களாகக் கேட்டால் மட்டும், யாழ்ப்பாணத்திலிருந்து பரந்தன், புதுக்குடியிருப்பு வழியாகப் போய்வர ஒரு முழுநாளை ஒதுக்குவேன். அந்த நாளில் வேறு எந்த இடமும் போடுவதில்லை. சாரதி தமிழராக இருக்கவேண்டும், இடம் விளக்குகிற வழிகாட்டி வேண்டாம். இங்கே பிறந்த பிள்ளைகள் கடலைக் கண்டால் குளிக்கக் கேட்பார்கள். பதிலைத் தாய்தகப்பன் முதல் நாளே யோசித்து வைக்கட்டும் என்றும் சொல்வேன்.

அதற்குத் தெற்கே நிலாவெளியும் உப்புவெளியும். பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு என் முதல் தெரிவு நிலாவெளிதான். காரணம், கரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் அப்பால் உள்ள புறாத்தீவு. 2003இல் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். முகமூடி போட்டுக் குனிந்தாலே பவளப்பாறையும், கருமுனைச் செட்டைச் சுறாக்களும் தெரியும். சுறா என்றதும் தாய்மார் முகம் மாறும். அவை ஆளைக் கண்டு விலகிப்போகிற சின்னச் சுறாக்கள். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: பத்து மணிக்குப் பிறகு வந்து இறங்குகிற கூட்டம், பவளத்தின் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறது. அதனால் காலையில் முதல் படகு. திருகோணமலையிலேயே தங்குவதால் கோணேஸ்வரமும் இராவணன் வெட்டும் ஒரு பின்னேரத்துக்குள் அடங்கும். கன்னியா வெந்நீரூற்றுக்குக் காலையில் போகலாம். அம்மம்மாவுக்குக் கோயில், பேரனுக்குச் சுறா, இரண்டுக்கும் இடையில் அரை மணி நேர ஓட்டம். இப்படி அமைகிற கரை இலங்கையில் அதிகம் இல்லை.

கைக்குழந்தையும் நீந்தத் தெரியாத பெரியவர்களும் என்றால் பாசிக்குடா. குடாவுக்கு வெளியே பாறைத்தொடர் அலையை உடைத்துவிடுகிறது. இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். சேலையோடே இறங்கி நிற்கிற அக்காமாரை அங்கே காணலாம். குறை, விடுதிக்கு வெளியே பிள்ளைகளுக்குப் பொழுதுபோகாது; இரண்டு இரவு போதும். அறுகம்குடா அலைச்சறுக்குக்காரரின் இடம், சித்திரையிலிருந்து ஐப்பசிவரை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் தனியாகப் போகிறார்கள் என்றால் அனுப்புவேன். பாட்டியோடு என்றால் மாட்டேன்.

ஸ்காபரோவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும், கடல் தெரியாது. நகரசபைக் குளத்தில் படிப்படியாகப் பழகியவர்கள். ப்ளஃபர்ஸ் பார்க்கில் ஏரியையும் கண்டவர்கள். ஏரியில் உப்பில்லை, வற்றுப்பெருக்கும் இல்லை. கோடையில் உயிர்காப்பாளரும் நிற்பார். நிலாவெளியில் விடுதிக்கு அப்பால் நடந்தால் ஒருவரும் இல்லை. அதனால் பயணத்தாளோடு ஒரு படமும் வரைந்து கொடுக்கிறேன். அலைகள் வரிசையாக உடைகிற இடத்தில், நடுவே ஒரு துண்டு மட்டும் உடையாமல், கறுத்து, அமைதியாகக் கிடந்தால் அங்கே இறங்கக் கூடாது. நீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. தெரியாதவர் கண்ணுக்கு அதுதான் குளிக்க நல்ல இடமாய்ப் படும். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும். ஆறு விழுகிற முகத்துவாரத்தில் மழைக்குப் பிறகு எவரும் குளிக்கக் கூடாது. இவ்வளவுதான். இதைத் தகப்பன்மாரிடம் கொடுத்தால் மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள், பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும்.

சுற்றுலாத் தெரிவில் நான் இடத்தை எண்ணுவதில்லை, வாகனத்தில் இருக்கும் மணித்தியாலத்தைத்தான் எண்ணுகிறேன். ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் போனால் அன்று எதைக் காட்டினாலும் வீண். கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடுவேன் என்று நிற்பவர்கள் உண்டு. கோடையில் ரொறன்ரோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணித்தியால நேர வித்தியாசம்; உடம்புக்கு எது இரவென்றே தெரியாது. முதல் இரவு நீர்கொழும்பில் படுத்து எழும்பட்டும்.

இடைவழியை நான் மிகவும் விரும்பி அமைப்பேன். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நடுவே ஹபரண. அங்கிருந்து மின்னேரியாக் குளம் கிட்ட. ஆடி, ஆவணியில் குளத்து நீர் வற்ற, வெளிப்பட்ட தரையில் பச்சைப்புல் முளைக்கிறது. சுற்றுக்காட்டு யானைகள் அந்தப் புல்லுக்காகக் கூட்டம் கூட்டமாய் வந்து சேர்கின்றன. பின்னேரம் போனால் நூற்றுக்கு மேலும் காணலாம். கிழக்குக் கடல் படுத்திருக்கும் அதே மாதங்களில் இதுவும் நடப்பது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். நத்தாருக்குப் போகிறவருக்கு இது கிடைக்காது. அவருக்கு மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம், கார்த்திகை முதல் சித்திரைவரை. யானைச் சவாரி போடமாட்டேன். யானைக்கன்றைக் கிட்டநின்று பார்க்கத்தான் வேண்டும் என்றால் உடவளவையில் 1995 முதல் இயங்கும் இடைத்தங்கல் இல்லத்துக்கு அனுப்புவேன். தாயை இழந்த கன்றுகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள், தொட விடமாட்டார்கள். ஆமைக்குஞ்சுகளைத் தொட்டியில் அடைத்துவைத்துப் பார்வையாளர் வந்த பிறகு கடலில் விடுகிற இடங்களும் என் பட்டியலில் இல்லை.

சிகிரியாவைப் பலர் கேட்பார்கள். ஏறத்தாழ 1,200 படி. வெளிநாட்டவருக்குக் கட்டணம் ஆளுக்கு முப்பது அமெரிக்க டொலருக்குக் குறையாது. அதற்குள் ஒரு குடும்பச் சிக்கலும் உண்டு. இரட்டைக் குடியுரிமையும் அடையாள அட்டையும் வைத்திருக்கிற தகப்பன் உள்ளூர்க் கட்டணத்தில் போவார். அதே முகமுள்ள மகன் கனேடியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டவர் வரிசையில் நிற்பான். வாசலில் வாக்குவாதப்படாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் எந்தக் கட்டணம் என்று முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

யாழ்ப்பாணப் பக்கக் கடலை எங்கள் ஆட்களே மதிப்பதில்லை. காரைநகர் கசூரினா ஆழமில்லாத, பிள்ளைகளுக்கு ஏற்ற கடல். நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டைக் குதிரைகளின் வழிவந்தவை மந்தையாய் மேய்கின்றன. பவளக்கல் மதில்கள், பெருக்கமரம் எல்லாம் உண்டு. ஆனால் குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலப் படகு, சோளகக் காலத்தில் நன்றாக ஆடும். குமட்டல்காரருக்கு நயினாதீவு, கிட்டத்தில் முடிந்துவிடும், அம்மனையும் கும்பிட்டு வரலாம்.

இத்தனையும் எழுதிய பிறகு, திட்டத்தைக் குலைக்க வருவது மழையோ காற்றோ அல்ல, சொந்தக்காரர். கோடை லீவில் நல்லூர்த் திருவிழாவும் வரும். 25 நாள், 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். தேரை விட்டுவிட்டுக் கடலுக்குப் போவதா? போகமாட்டார்கள், போகவும் வேண்டாம். ஆகவே தேரை நடுவில் குத்திவைத்துத்தான் மற்ற நாட்களை அடுக்குவேன். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அறை கிடைக்காது என்பதால் சித்திரையிலேயே பிடிக்கவேண்டும். பிறகு பெரியம்மா வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு, மாமா வீட்டில் ஒரு இரவு, கொடிகாமத்தில் ஒரு கலியாணம் என்று பட்டியல் நீளும். கடலுக்கு என்று வைத்த மூன்று நாள் இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் "அண்ணை, வாற வழியில காலை நனைச்சிட்டு வருவம்" என்றாகிவிடும். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். அடுத்த முறை ஊருக்குக் கூப்பிட்டால் புன்ரா கானா என்பார்கள்.

அதனால் நிலாவெளி அறைக்கு முழுக்காசையும் முன்னமே கட்டவைக்கிறேன். திருப்பித் தருவதாகச் சொல்லும் விலை கொஞ்சம் கூட. திருப்பித் தராத விலை மலிவு. மலிவானதையே எடுங்கோ என்பேன். காசு திரும்பாது என்பதைக் குடும்பம் முழுக்க இருக்கும்போது, அம்மம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஊரில் இருந்து எந்தப் பெரியம்மா தொலைபேசியில் வந்தாலும், "கட்டின காசு போயிடும் பிள்ளை" என்று அவரே மறித்துவிடுவார்.