"ஈ.கோலை இல்லை"ன்னு ரிப்போர்ட். அப்புறம் ஏன் காமாலை?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல கர்ப்பிணி இருந்தா முழுசா படிங்க.

சில வருஷம் முன்னாடி, மழைக்காலம். எட்டு மாச கர்ப்பிணி ஒருத்தங்க வாந்தியோட வந்தாங்க. கண்ணு நல்ல மஞ்சள். பேச்சுல லேசான குழப்பம். அந்தக் குழப்பம்தான் என்னைப் பயமுறுத்துச்சு. ரத்தப் பரிசோதனையில ஹெபடைடிஸ் ஈ.

கணவர் போனை நீட்டினார். வீட்டுத் தண்ணியோட லேப் ரிப்போர்ட். "ஈ.கோலை இல்லைன்னு போட்டிருக்கே டாக்டர், அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் 1955 டெல்லியில இருக்கு.

அந்த வருஷக் கடைசியில, நஜஃப்கர் வடிகாலோட கழிவுநீர், யமுனையில நகரத்துக்குத் தண்ணி எடுக்கிற வஜீராபாத் வரைக்கும் ஏறி வந்துடுச்சு. குளோரினைக் கூட்டிப் போட்டாங்க. டைபாய்டு பெருசா பரவல. ஆனா சில வாரத்துல சுமார் 29,000 பேருக்குக் காமாலை! பாக்டீரியா செத்துச்சு, வைரஸ் தப்பிச்சுது. ஹெபடைடிஸ் ஏ-ன்னே ரொம்ப நாள் நம்பினாங்க. சேமிச்சு வச்சிருந்த ரத்தத்தை 1980 வாக்குல சோதிச்சப்பதான் அது இல்லைன்னு தெரிஞ்சது. 1980-களோட தொடக்கத்துல சோவியத் விஞ்ஞானி பலயான், நோயாளிகளோட மலத்துல இருந்து எடுத்த கரைசலைத் தானே குடிச்சு, காமாலை வந்து, தன் மலத்துலயே வைரஸைக் காட்டினார். (எங்க ஆளுங்க இப்படித்தான்.)

ஈ.கோலை வெறும் சாட்சி. மலம் கலந்திருக்குன்னு சொல்லும். ஆனா குளோரின் பட்டா வைரஸுக்கு முன்னாடியே அது செத்துடும்.

வைரஸையே நேரா தேடலாமே? தேடலாம், லேசுல இல்ல. பாக்டீரியாவுக்கு 100 மில்லி தண்ணி போதும். வைரஸுக்குப் பல லிட்டரை வடிகட்டி, சில மில்லியாச் சுருக்கி, பிசிஆர் பண்ணணும். அதுவும் மரபணு இருக்குன்னுதான் சொல்லும். தொத்துற வைரஸா, செத்த மிச்சமான்னு சொல்லாது. அதனால ஆபத்தைக் கணக்குப் போட்டுத்தான் பாக்குறாங்க: தண்ணியில எத்தனை வைரஸ், ஒருத்தர் எவ்வளவு குடிக்கிறார், எத்தனை உள்ள போனா நோய் வரும். ரோட்டா வைரஸ் நூறுக்குள்ள இருந்தாலே போதும். நோயாளியோட ஒரு கிராம் மலத்துல அது கோடிக்கணக்குல இருக்கும்.

யார் குடிக்கிறாங்கங்கிறதும் முக்கியம். ஹெபடைடிஸ் ஈ பெரும்பாலானவங்களுக்குத் தானாவே சரியாகிடும். கடைசி மூணு மாசத்துல இருக்கிற கர்ப்பிணிகள்ல 20-25 சதவீதம் வரைக்கும் உயிரிழப்பு.

அந்த ரிப்போர்ட் தேதியைப் பார்த்தேன். முந்தின வாரம். வைரஸ் உள்ள போய் காமாலையாத் தெரிய அஞ்சாறு வாரம் ஆகும். அவங்க குடிச்ச தண்ணி என்னைக்கோ போயாச்சு. இவர் சோதிச்சது வேற தண்ணி.

அதனால ரிப்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க. தளதளன்னு கொதி வந்தப்புறம் ஒரு நிமிஷம் விடுங்க. கேண்டில் ஃபில்டரை நம்பி இதை விட்டுடாதீங்க, வைரஸ் அதுல நிக்காது. தெருவுல குழாய் தோண்டினாலோ, தண்ணி கலங்கி வந்தாலோ இன்னும் கவனம். கர்ப்பிணிக்குக் கண்ணு மஞ்சளாச்சுன்னா கீழாநெல்லி கொடுத்து நாள் கடத்தாதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

அவங்க பிழைச்சுட்டாங்க. குழந்தை பிழைக்கல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவர் ரிப்போர்ட் பத்தி எதுவும் கேக்கல. எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும்னு மட்டும் கேட்டு, மருந்துச்சீட்டு பின்னாடி எழுதிக்கிட்டார்.