எறும்பு கடிக்கிற மாதிரி

“எறும்பு கடிக்கிற மாதிரிதான்.” நர்ஸாக வேலை பார்த்த 34 ஆண்டுகளில் இந்தப் பொய்யை எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ! குழந்தை திமிறினால் தாயிடம், “கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா” என்பேன். வேலை சட்டென்று முடிந்துவிடும். அடுத்த முறை அந்தக் குழந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே அழத் தொடங்கும். அந்த அழுகையில் என் பங்கும் உண்டு என்று அன்று உறைக்கவில்லை.

இப்போது என் முறை. சிறுநீரகம் கைவிட்டதால் அடையாறில் டயாலிசிஸ். வாரம் 3 நாள், தடவைக்கு 2 ஊசி; ஆண்டுக்கு 312 குத்தல். சாதாரண ஊசியைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடிமன். முதல் நாள் டெக்னீஷியன் பையன், “எறும்பு கடிக்கிற மாதிரிதான் பாட்டி” என்றான். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

பக்கத்துக் கட்டில் அம்மாதான், “மரத்துப்போற க்ரீம் இருக்கே, கேளுங்களேன்” என்றார். டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார்.

அந்த க்ரீமில் மரத்துப்போகச் செய்யும் இரண்டு மருந்துகள்: லிடோகெயின் 2.5 சதவீதம், பிரிலோகெயின் 2.5 சதவீதம். தனித்தனியே இரண்டும் கெட்டிப் பொருள். கலந்தால் எண்ணெயாக இளகும். அதனால்தான் தோலுக்குள் இறங்குகிறது. லிடோகெயினை 1943-இல் சுவீடனில் உருவாக்கியவர் நில்ஸ் லோஃப்கிரென். அவருடைய சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார். பிறர் வலியைக் குறைக்கத் தன் உடம்பைக் கொடுத்த மனிதர்! நான் என் நாக்கைக்கூடத் திருத்திக்கொள்ளவில்லை.

இந்த க்ரீமைத் தேய்க்கக் கூடாது. கனமாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பத்து நிமிடத்தில் துடைத்தால் பலனில்லை. அளவு மீறினால், குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையலாம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மந்தைவெளி வீட்டில் மருமகள் பூசிவிடுகிறாள். காபி குடித்து, ஆட்டோ பிடித்து, திரு.வி.க. பாலம் தாண்டி, என் பெயரைக் கூப்பிடுவதற்குள் கை மரத்திருக்கும். அவளுக்கு ஆகும் செலவு, ஒரு மணி நேரம் முன்னால் என்னை நினைத்துக்கொள்வது மட்டும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் இந்த க்ரீம் இல்லை. ஆனால், “வலிக்கும் கண்ணு, அஞ்சு எண்ணு, முடிஞ்சிடும்” என்று உண்மையைச் சொல்ல எந்த மருந்தும் வேண்டியிருக்கவில்லையே!

டெக்னீஷியன் பையனிடம் என் கதையைச் சொன்னேன். போன வாரம் புதிதாக வந்த பெரியவரிடம் அவன் பேசியது காதில் விழுந்தது: “க்ரீம் போட்டுட்டு வந்தீங்களா ஐயா? அழுத்தம் தெரியும், வலி குறைவா இருக்கும். சொல்லிட்டுத்தான் குத்துவேன்.”

எறும்பைக் காணோம்.